பட்டியல் யார் கையில்? ஒரு கட்சி தன் தலைமையைத் தேர்ந்தெடுக்கும் விதம்

2025 ஏப்ரல் 6-ஆம் தேதி மதுரையில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் 24-ஆவது அகில இந்திய மாநாடு முடிந்தது. கேரளத்தின் முன்னாள் கல்வி அமைச்சர் எம்.ஏ. பேபி பொதுச்செயலாளர் ஆனார். மறுநாள் நாளிதழ்களில் இதுவே தலைப்புச் செய்தி. அதற்குள் சின்னதாக இன்னொரு தகவலும் இருந்தது. மத்தியக் குழுவுக்கென்று முன்வைக்கப்பட்ட பட்டியலில் இல்லாத ஒருவர், சிஐடியு தொழிற்சங்கத்தின் மகாராஷ்டிரத் தலைவர் டி.எல். கராட், போட்டியிட்டு 31 வாக்குகள் பெற்றுத் தோற்றார்.

தலைப்புச் செய்தியைவிட இந்தச் சின்னத் தகவல் முக்கியம் என்பது என் கருத்து. ஒரு கட்சிக்குள் ஜனநாயகம் எவ்வளவு இருக்கிறது என்பதை, யார் ஜெயித்தார் என்பதைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. தலைமை தயாரித்த பட்டியலில் இன்னொரு பெயரைச் சேர்க்கச் சாதாரண உறுப்பினருக்கு வழி இருக்கிறதா, அப்படிச் சேர்த்த பெயர் ஜெயிப்பதற்கு உண்மையிலேயே வாய்ப்பு இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால்தான் சொல்ல முடியும். மதுரையில் முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடை கிடைத்தது. இரண்டாவதற்கு விடை தேட, கட்சியின் அடிமட்டத்திலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும்.

மார்க்சிஸ்ட் கட்சியை உதாரணமாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. 2024 தேர்தலில் 543 மக்களவை இடங்களில் அது வென்றவை நான்கு. அதில் மதுரையும் திண்டுக்கல்லும் தமிழ்நாட்டில் உள்ளவை. உறுப்பினர்கள் நாடு முழுவதும் சுமார் 10 லட்சம் பேர். அவர்களில் பாதிக்கு மேல் கேரளத்தில் இருக்கிறார்கள். கோடிக்கணக்கில் உறுப்பினர் கணக்குக் காட்டும் கட்சிகளுக்கு நடுவே இது சிறிய கட்சிதான். ஆனால் மாநாடு எப்போது, யார் வாக்களிக்கலாம், பட்டியலை எப்படி வைப்பது என்பதெல்லாம் அதன் அமைப்புச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. எழுதி வைத்த விதியை நடைமுறையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். விதியே இல்லாத இடத்தில் எதை வைத்து ஒப்பிடுவது?

வாக்களிக்க யாருக்கு உரிமை?

இந்தக் கட்சியில் ‘மிஸ்டு கால்’ கொடுத்து உறுப்பினராக முடியாது. ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் இருவர் பரிந்துரைக்க வேண்டும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். முதல் ஓராண்டு பரீட்சார்த்த உறுப்பினர். கூட்டத்துக்கு வரலாம், பேசலாம். ஆனால் வாக்களிக்கவோ, பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்படவோ முடியாது. அந்த ஓராண்டு முடிந்து, கிளை ஏற்றுக்கொண்ட பிறகுதான் முழு உறுப்பினர். வருமானத்துக்கு ஏற்ப மாதந்தோறும் லெவி கட்ட வேண்டும். உறுப்பினர் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும்போது, ஓராண்டில் கூட்டங்களுக்கு வந்தாரா, ஏதாவது ஒரு வெகுஜன அமைப்பில் வேலை செய்தாரா என்பதையும் பார்ப்பார்கள்.

வாக்காளர் யார் என்பதில் சந்தேகம் எழாமல் இருக்க இது உதவுகிறது. உட்கட்சித் தேர்தலில் வழக்கமாக நடக்கும் பெரிய முறைகேடே போலி உறுப்பினர் அட்டைதான். தேர்தலுக்கு முந்தைய மாதம் கட்டுக்கட்டாக அட்டை எழுதி ஆள் சேர்ப்பதை நம் ஊரில் பல கட்சிகளில் பார்த்திருக்கிறோம். ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கும் இடத்தில் அந்த வேலை எளிதில் நடக்காது. வாசல் குறுகலாக இருப்பதற்கு ஒரு விலையும் உண்டு. கட்சிக்கு வாக்களிக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு அதன் தலைமையைத் தேர்ந்தெடுப்பதில் எந்தப் பங்கும் இல்லை.

கிளையிலிருந்து தொடங்கும் ஏணி

மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை அகில இந்திய மாநாடு நடக்கும். அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே கிளை மாநாடுகள் தொடங்கிவிடும். ஒரு கிளையில் அதிகபட்சம் 15 உறுப்பினர்கள். அத்தனை பேருக்கும் ஒருவரையொருவர் தெரியும்.

கிளை மாநாடு எப்படி நடக்கும்? கட்சி அலுவலகமோ சங்கக் கட்டடமோ உறுப்பினர் ஒருவரின் வீட்டு முற்றமோ, ஏதாவது ஓர் இடம். கொடி ஏற்றி, மறைந்த தோழர்களுக்கு அஞ்சலித் தீர்மானம் வாசிப்பார்கள். பிறகு செயலாளர் அறிக்கை படிப்பார். என்னென்ன இயக்கம் நடத்தினோம், ரேஷன் கடைப் பிரச்சினையில் என்ன ஆனது, கட்சி நாளிதழான தீக்கதிருக்கு எத்தனை சந்தா சேர்ந்தது, லெவி பாக்கி யார் யாருக்கு என்பதெல்லாம் அதில் வரும். அதன்மேல் ஒவ்வொருவரும் பேசுவார்கள். செயலாளர் செய்தது, செய்யாதது எல்லாம் அவர் முகத்துக்கு நேரே வரும். அதற்கெல்லாம் அவர் தொகுப்புரையில் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் தேர்தல். புதிய செயலாளரையும், மேல்மட்ட மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளையும் தேர்ந்தெடுப்பார்கள். பொறுப்பை விட்டுப் போகிறவர் முதலில் கணக்குச் சொல்கிறார், பிறகுதான் அடுத்தவருக்கு வாக்கு என்ற இந்த வரிசை எல்லா அமைப்புகளுக்கும் பொருந்தக்கூடிய நல்ல வழக்கம்.

கிளைக்கு மேலே இடைக்குழு. ஊருக்கு ஏற்ப ஒன்றியக் குழு, வட்டக் குழு, நகரக் குழு, பகுதிக் குழு என்று அதற்குப் பெயர் மாறும். அதற்கு மேலே மாவட்டம், பிறகு மாநிலம், கடைசியில் அகில இந்திய மாநாடு. ஒவ்வொரு படியிலும் கீழே உள்ள மாநாடு தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் மேலே போகிறார்கள். மேலே போகிறவர்கள் அந்த மட்டத்துக்கான குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டின் மாநில மாநாடு 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் நடந்தது. அங்கே பெ. சண்முகம் மாநிலச் செயலாளர் ஆனார். மூன்று மாதம் கழித்து மதுரையில் அகில இந்திய மாநாடு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண உறுப்பினர் நேரடியாக வாக்களிப்பது கிளையில் மட்டுமே. அதற்கு மேல் நடப்பதெல்லாம் பிரதிநிதிகள் மூலமாகத்தான். பொதுச்செயலாளரை மாநாட்டுப் பிரதிநிதிகள்கூடத் தேர்ந்தெடுப்பதில்லை. அவர்கள் மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். புதிய மத்தியக் குழு உடனே தனியாகக் கூடி, தன் உறுப்பினர்களிலிருந்து அரசியல் தலைமைக்குழுவையும் (பொலிட்பீரோ) பொதுச்செயலாளரையும் தேர்ந்தெடுக்கிறது. மதுரையில் 84 பேர் மத்தியக் குழுவுக்கு வந்தார்கள், ஓர் இடம் காலியாக விடப்பட்டது. அவர்கள் 18 பேர் கொண்ட தலைமைக்குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். கிளையில் கை தூக்கிய உறுப்பினருக்கும் பொதுச்செயலாளருக்கும் நடுவே ஐந்து படிகள் இருக்கின்றன.

பட்டியல் எப்படி வருகிறது?

மாநாட்டில் புதிய குழுவுக்கான பெயர்ப் பட்டியலை முன்வைப்பது, பதவிக்காலம் முடிந்து போகும் குழு. மாவட்டத்திலும் மாநிலத்திலும் மத்தியிலும் இதே நடைமுறைதான். பட்டியலில் வெவ்வேறு பகுதிகள், பெண்கள், தொழிற்சங்கம், விவசாயிகள் சங்கம், மாணவர் அமைப்பு என்று எல்லாத் தரப்பும் இடம்பெற வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

பட்டியல் வாசிக்கப்பட்டதும் பிரதிநிதிகளுக்கு இரண்டு உரிமைகள் உண்டு. பட்டியலில் உள்ள எந்தப் பெயருக்கும் ஆட்சேபம் சொல்லலாம், புதிதாக எந்தப் பெயரையும் முன்மொழியலாம். முன்மொழியப்பட்டவர் விரும்பினால் விலகிக்கொள்ளலாம். கூடுதல் பெயர் எதுவும் இல்லையென்றால் கைகளை உயர்த்தி மொத்தப் பட்டியலையும் ஏற்றுக்கொள்வார்கள். ஒரே ஒரு பெயர் கூடுதலாக வந்துவிட்டாலும், அத்தனை பேருக்கும் சேர்த்து ரகசிய வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். மதுரையில் கராட் விலகாமல் நின்றதால்தான் வாக்குச் சீட்டு தேவைப்பட்டது.

விதியைப் படித்தால் வழி திறந்தே இருக்கிறது. நடைமுறையில் அந்த வழியில் வருகிறவர்கள் மிகக் குறைவு. தனக்காக வாக்குக் கேட்பதையும் ஆள் சேர்ப்பதையும் இந்தக் கட்சி கோஷ்டி வேலையாகவே பார்க்கிறது. 1921-இல் ரஷ்யக் கட்சியின் பத்தாவது மாநாடு, லெனின் காலத்தில், கட்சிக்குள் கோஷ்டிகளைத் தடை செய்து தீர்மானம் போட்டது. அதிலிருந்து உலகெங்கும் உள்ள கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கு வந்த மரபு இது. விவாதிக்கும்வரை சுதந்திரம், முடிவெடுத்த பின் ஒரே குரல் என்ற ஏற்பாட்டை ‘ஜனநாயக மத்தியத்துவம்’ என்பார்கள். இதில் ஒரு வேட்பாளர் தன் கருத்துக்கு ஆதரவாக மற்ற மாவட்டத்துப் பிரதிநிதிகளிடம் முன்கூட்டிப் பேசி ஆதரவு திரட்ட வழியில்லை. பட்டியலைத் தயாரிக்கும் குழு மட்டுமே கூடிப் பேசித் திட்டமிட முடியும். எதிர்த்து நிற்பவர் தனியாளாகத்தான் நிற்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் நன்மையையும் சொல்ல வேண்டும். பணம் செலவழித்து, சாதிக் கணக்குப் போட்டு, ஃபிளெக்ஸ் வைத்துப் பதவி பிடிக்க இங்கே இடமில்லை. கட்சி பலவீனமாக உள்ள மாநிலங்களின் தோழர்களும், பேச்சுத்திறன் இல்லாவிட்டாலும் களத்தில் உழைக்கிறவர்களும் பட்டியல் வழியாகத்தான் மேலே வருகிறார்கள். வெறும் எண்ணிக்கைக்கு விட்டால், பாதிக்கு மேல் உறுப்பினர் உள்ள கேரளமும் அதற்கு அடுத்த வங்காளமும் சேர்ந்து மற்ற மாநிலங்களை ஓரங்கட்டிவிட முடியும்.

எண்ணும் முறையில் இருக்கும் சிக்கல்

இனி இரண்டாவது கேள்வி. சேர்த்த பெயர் ஜெயிக்குமா? இதற்கு வாக்கு எண்ணும் முறையைப் பார்க்க வேண்டும். எத்தனை இடங்களோ ஒவ்வொரு பிரதிநிதிக்கும் அத்தனை வாக்குகள். ஒரு வேட்பாளருக்கு ஒரு வாக்குதான் போடலாம். அதிக வாக்கு வாங்கியவர்கள் வரிசையாக உள்ளே வருவார்கள்.

கேட்க நியாயமாகத் தெரியும் இந்த முறையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாவட்ட மாநாட்டில் 100 பிரதிநிதிகள், மாவட்டக் குழுவில் 20 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய குழு 20 பெயர்களை முன்வைக்கிறது. 55 பேருக்கு அந்தப் பட்டியல் சம்மதம். மீதி 45 பேர் மாற்றுக் கருத்துள்ளவர்கள், அவர்கள் 9 பெயர்களைக் கூடுதலாக முன்மொழிகிறார்கள். வாக்கெடுப்பில் 55 பேரும் பட்டியலின் 20 பெயர்களுக்கும் வாக்களிக்கிறார்கள். அந்த 20 பேரில் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 55 வாக்கு கிடைத்துவிட்டது. எதிர்த்தரப்பின் 9 பேரில் ஒருவருக்கும் 45-க்கு மேல் வராது. முடிவு: 20 இடங்களும் ஒரே பக்கம். 45 சதவீதம் பேரின் கருத்துக்குக் குழுவில் ஓர் இடம்கூட இல்லை.

இதே 100 பேர் வேறொரு முறையில் வாக்களித்தால் என்ன ஆகும்? நம் மாநிலங்களவைத் தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் 234 எம்.எல்.ஏ.க்கள் ஆறு இடங்களுக்கு வாக்களிக்கும்போது, 34 வாக்கு கிடைத்தவர் ஜெயித்துவிடுவார். 234-ஐ, இடங்களைவிட ஒன்று அதிகமான எண்ணான ஏழால் வகுத்து, வந்த முழு எண்ணோடு ஒன்று கூட்டினால் 34 வரும். எதிர்க்கட்சிகளும் தங்கள் பலத்துக்கு ஏற்ப மாநிலங்களவைக்கு ஆள் அனுப்ப முடிவது இதனால்தான். நம் மாவட்ட மாநாட்டில் இதே கணக்குப்படி 100-ஐ 21-ஆல் வகுத்து ஒன்று கூட்டினால் 5. ஐந்து பேரின் ஆதரவு உள்ளவர் குழுவுக்குள் வந்துவிடுவார். 55 பேருக்கு 11 இடம், 45 பேருக்கு 9 இடம். பிரதிநிதிகளும் கருத்துகளும் மாறவில்லை. எண்ணும் விதம் மட்டும் மாறியது, குழுவின் முகமே மாறிவிட்டது.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. கேரளத்தில் 1998-இல் பாலக்காட்டில் நடந்த மாநில மாநாட்டில் வி.எஸ். அச்சுதானந்தன் தரப்புக்குப் பெரும்பான்மை இருந்தது. எம்.எம். லாரன்ஸ் உள்ளிட்ட மூத்த தொழிற்சங்கத் தலைவர்கள் மாநிலக் குழுவிலிருந்து வெளியே தள்ளப்பட்டார்கள். 2005-இல் மலப்புரம் மாநாட்டில் காற்று திசை மாறியது. வி.எஸ். பக்கம் நின்ற 12 பேர் பட்டியலை எதிர்த்துப் போட்டியிட்டார்கள், ஒருவரும் ஜெயிக்கவில்லை. வி.எஸ். அப்போது கேரளத்தின் மக்கள் செல்வாக்குள்ள தலைவர்களில் ஒருவர். அடுத்த ஆண்டே முதலமைச்சரானவர். கட்சிக்குள் அவர் கருத்துக்கு ஆதரவே இல்லாமல் போயிற்று என்று யாரும் சொல்ல முடியாது. பெரும்பான்மைக்கு எல்லாம், சிறுபான்மைக்கு ஒன்றுமில்லை என்ற எண்ணும் முறை, முதலில் அவருக்கு உதவியது, பிறகு அவரையே வீழ்த்தியது.

தலைவரைவிடக் குழு பெரியது

தலைவர் ஒருவரை உறுப்பினர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காமல், குழு தேர்ந்தெடுப்பதில் ஒரு பலம் இருக்கிறது. பொதுச்செயலாளர் குழுவுக்குக் கட்டுப்பட்டவர். இதற்கு வரலாற்றில் இரண்டு நல்ல சாட்சிகள் உண்டு.

1996-இல் ஐக்கிய முன்னணிக் கூட்டணி, மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த ஜோதிபாசுவைப் பிரதமராக வரச் சொன்னது. பாசுவுக்குச் சம்மதம். அப்போது பொதுச்செயலாளராக இருந்த ஹர்கிஷன் சிங் சுர்ஜித்தும் அதை ஆதரித்தார். மத்தியக் குழு பெரும்பான்மையாக எதிர்த்தது. கட்சியின் உச்சத்தில் இருந்த இருவரும் அந்த முடிவுக்குக் கட்டுப்பட்டார்கள். பின்னாளில் பாசு அதை ‘வரலாற்றுப் பிழை’ என்றார். முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். நாட்டின் பிரதமர் பதவி வாசலில் நிற்கும்போதும், தலைவரின் விருப்பத்தைக் குழு மறுக்க முடிந்தது என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

2018 ஜனவரியில் கொல்கத்தாவில் கூடிய மத்தியக் குழுவில் இன்னொரு சம்பவம். காங்கிரஸுடன் எந்த அளவுக்கு ஒத்துப்போகலாம் என்பது பிரச்சினை. பொதுச்செயலாளர் சீதாராம் யெச்சூரியின் கருத்து 31-க்கு 55 என்ற வாக்குகளில் தோற்றது. வேறொரு கட்சியாக இருந்தால் தலைவர் பதவி விலகியிருப்பார், அல்லது எதிர்த்தவர்கள் வெளியேற்றப்பட்டிருப்பார்கள். இங்கே வெற்றி பெற்ற வரைவு எல்லாக் கிளைகளுக்கும் போனது. மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்பே அரசியல் தீர்மானத்தின் வரைவை வெளியிட வேண்டும், எந்த உறுப்பினரும் திருத்தம் அனுப்பலாம் என்பது விதி. ஏப்ரலில் ஹைதராபாத் மாநாட்டில் பல மாநிலப் பிரதிநிதிகள் எழுந்து ரகசிய வாக்கெடுப்புக் கேட்டார்கள். கடைசியில் சர்ச்சைக்குரிய வாசகம் திருத்தப்பட்டது. யெச்சூரி மீண்டும் பொதுச்செயலாளர் ஆனார். மத்தியக் குழுவில் தோற்ற கருத்துக்கு மாநாட்டில் பிரதிநிதிகள் உயிர் கொடுத்தார்கள். யார் தலைவர் என்பதில் பெரிய போட்டி காட்டாத இந்தக் கட்சி, என்ன கொள்கை என்பதில் இவ்வளவு வெளிப்படையாக மோதிக்கொள்கிறது.

மூன்று முறை, 75 வயது

தலைமையில் இருப்பவர் எப்போது இறங்க வேண்டும் என்பதும் தேர்தல் முறையின் ஒரு பகுதிதான். இ.எம்.எஸ். நம்பூதிரிபாடும் சுர்ஜித்தும் மூன்று முறைக்கு மேல் பொதுச்செயலாளர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 2012-இல் கோழிக்கோடு மாநாடு அமைப்புச் சட்டத்தைத் திருத்தியது. எந்த மட்டத்திலும் ஒருவர் மூன்று முழுப் பதவிக்காலங்களுக்கு மேல் செயலாளராக இருக்கக் கூடாது. சிறப்புச் சூழ்நிலையில் நான்காவது முறை வேண்டுமானால் குழுவின் முக்கால்வாசிப் பேர் ஆதரிக்க வேண்டும். அந்த விதிப்படி பிரகாஷ் காரத் மூன்று முறை முடித்து 2015-இல் இறங்கினார். யெச்சூரி மூன்றாவது முறை பொறுப்பில் இருந்தபோது 2024 செப்டம்பரில் காலமானார்.

வயது வரம்பும் இருக்கிறது. மத்தியக் குழுவுக்கு 75. மதுரையில் பிரகாஷ் காரத், பிருந்தா காரத், மாணிக் சர்க்கார், சுபாஷினி அலி, சூர்யகாந்த் மிஸ்ரா, ஜி. ராமகிருஷ்ணன் ஆகியோர் தலைமைக்குழுவிலிருந்து ஒரே நேரத்தில் விலகினார்கள். தலைமைக்குழுவில் அப்போது கேரள முதலமைச்சராக இருந்த பினராயி விஜயனுக்கு மட்டும் விலக்கு. விலக்கு கொடுக்கும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டால் விதியின் வலு கொஞ்சம் குறைந்துதான் போகும். ஆனாலும் உயிரோடு இருக்கும்வரை தலைவர் என்ற வழக்கம் வேரூன்றிய நாட்டில், ஆறு மூத்த தலைவர்கள் ஒரே நாளில் இடம் விட்டது சாதாரண விஷயம் அல்ல.

எல்லோரும் நேராக வாக்களித்தால்?

இதற்கு நேர் எதிரான முறையும் உலகில் இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் இயங்கும் பசுமைக் கட்சியும் சிறிய கட்சிதான். 2024 தேர்தலில் அது வென்றதும் நான்கு இடங்கள்தான். 2008-க்கு முன்பு அந்தக் கட்சியில் தலைவர் பதவியே கிடையாது. ஓர் ஆண், ஒரு பெண் என்று இரண்டு முதன்மைப் பேச்சாளர்கள் இருந்தார்கள். தலைவர் வேண்டுமா என்று 2007-இல் உறுப்பினர்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். 73 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். 2008-இல் கரோலின் லூகாஸ் முதல் தலைவரானார்.

அங்கே ஒவ்வொரு உறுப்பினருக்கும் நேரடி வாக்கு. 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். தனியாகவும் நிற்கலாம், இருவர் சேர்ந்து இணைத் தலைவர்களாகவும் நிற்கலாம். வாக்குச் சீட்டில் வேட்பாளர்களின் பெயர்களோடு இன்னொரு வரியும் அச்சிட்டிருக்கும்: ‘வேட்புமனுத் தாக்கலை மறுபடி திறக்கவும்’. நிற்கிறவர் யாரையும் பிடிக்கவில்லை என்றால் அதற்கு வாக்களிக்கலாம். அது ஜெயித்தால் தேர்தலை மறுபடி தொடங்க வேண்டும். நம் ‘நோட்டா’ எவ்வளவு வாக்கு வாங்கினாலும் வேட்பாளர் ஜெயித்துவிடுவார். அங்கே அப்படியில்லை. ஒரே ஒருவர் போட்டியிட்டாலும் உறுப்பினர்கள் அவரை மறுக்க முடியும்.

2025-இல் அந்தக் கட்சியின் தலைவர் தேர்தலில், நாடாளுமன்ற உறுப்பினர்களான ஏட்ரியன் ராம்சேயும் எல்லி சௌன்ஸும் சேர்ந்து நின்றார்கள். எதிரில், நாடாளுமன்றத்தில் இல்லாத துணைத் தலைவர் ஜாக் போலன்ஸ்கி. அவருக்கு 20,411 வாக்குகள், எதிரணிக்கு 3,705. கட்சியின் பெரிய பொறுப்பில் இருந்தவர்களை ஓரமாக்கிவிட்டு, உறுப்பினர்கள் தாங்கள் விரும்பியவரைக் கொண்டுவந்தார்கள். பட்டியல் முறையில் இப்படி ஒரு முடிவு வர வழியே இல்லை.

ஆனால் இதிலும் குறை இருக்கிறது. அந்தத் தேர்தலில் உறுப்பினர்களில் பத்துக்கு நான்கு பேர்கூட வாக்களிக்கவில்லை. தேர்தல் நேரத்தில் பணம் கட்டிச் சேர்ந்தவருக்கும் இருபது ஆண்டு உழைத்தவருக்கும் ஒரே வாக்கு. அறிக்கை கேட்டு, விவாதித்து, முகத்துக்கு முகம் பார்த்து முடிவெடுக்கும் கிளை மாநாட்டுக்குப் பதிலாகத் தொலைக்காட்சிப் பேட்டியும் கைபேசிக் காணொளியும் அமைகின்றன. மதுரையில் பட்டியல் போட்டவர்களின் கை ஓங்கியிருந்தது என்றால், பசுமைக் கட்சியில் நன்றாகப் பேசத் தெரிந்தவரின் கை ஓங்குகிறது.

சட்டம் எங்கே இருக்கிறது?

இந்தியாவில் ஒரு கட்சி பதிவு பெற வேண்டுமானால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 29-ஏ பிரிவின்படி விண்ணப்பிக்க வேண்டும். கட்சியின் அமைப்புச் சட்டத்தில், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை நிர்வாகிகள் தேர்தல் நடத்துவோம் என்ற விதி இருக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் கேட்கிறது. ஆனால் அந்தத் தேர்தல் எப்படி நடக்க வேண்டும், யார் கண்காணிப்பது என்று சட்டத்தில் எதுவும் இல்லை. உட்கட்சி ஜனநாயகத்தைச் சட்டமாக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 1999-இலும் 2015-இலும் பரிந்துரைத்தது. இன்றுவரை சட்டம் வரவில்லை. விதியை மீறியதற்காகப் பதிவை ரத்து செய்யும் பொது அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு இல்லை என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் பெரும்பாலான கட்சிகளில் ‘ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்’ என்ற ஒரு வரியோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த ஒருமனதுக்குள் எத்தனை பேர் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று நமக்குத் தெரிவதில்லை.

என்ன மாற வேண்டும்?

மார்க்சிஸ்ட் கட்சியின் முறையில் காப்பாற்ற வேண்டியவை பல. உறுப்பினர் பட்டியலில் ஒழுங்கு, கணக்குக் கேட்ட பிறகே தேர்தல், தலைவரைக் கட்டுப்படுத்தும் குழு, பதவிக்கால வரம்பு ஆகியவற்றை மற்ற கட்சிகள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மாற்ற வேண்டியது எண்ணும் முறை. பட்டியலை வைக்கட்டும், கூடவே வரும் பெயர்களுக்கும் விருப்ப வரிசைப்படி வாக்களிக்க விடட்டும். மாநிலம், பெண்கள், வெகுஜன அமைப்புகள் ஆகியவற்றுக்குக் குறிப்பிட்ட இடங்களை விதியிலேயே ஒதுக்கிவிட்டால், சமநிலைக்காகப் பழைய குழுவின் பட்டியலை நம்பியிருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் வாங்கிய வாக்கையும் வெளியிட வேண்டும். சிறுபான்மைக் கருத்துக்குக் குழுவுக்குள் இடம் கிடைத்தால் கோஷ்டி வளரும் என்று பயப்படுகிறார்கள். பாலக்காடும் மலப்புரமும் காட்டுவது வேறு. இடம் மறுக்கப்பட்டபோதுதான் கோஷ்டிச் சண்டை ஆண்டுக்கணக்கில் நீண்டது.

நீங்கள் எந்தக் கட்சியில் இருந்தாலும், எந்தச் சங்கத்தில் இருந்தாலும், அடுத்த முறை நிர்வாகிகள் தேர்தல் வரும்போது நான்கு விஷயங்களை விசாரியுங்கள். உறுப்பினர் பட்டியலைப் பார்க்க முடியுமா? பட்டியலில் இன்னொரு பெயரைச் சேர்க்க எத்தனை பேரின் கையெழுத்து வேண்டும்? வாக்கு ரகசியமா? மூன்றில் ஒரு பங்குப் பேர் வேறு கருத்து வைத்திருந்தால், அவர்களுக்குக் குழுவில் எத்தனை இடம் வரும்? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் இல்லாத அமைப்பில் தேர்தல் அன்று நடப்பது சடங்குதான். பதில் இருக்கும் அமைப்பில், 31 வாக்கு வாங்கித் தோற்றவரும் அடுத்த மாநாட்டுக்கு நம்பிக்கையோடு வரலாம். தோற்றவர் மறுபடி நிற்கத் துணியும்வரைதான் அந்தக் கட்சித் தேர்தலுக்கு மதிப்பு.